மூன்று பேருக்கு ஒரு கேமரா

நம் வயதுக்காரர்கள் எல்லாருடைய வீட்டிலும் அப்படி ஒரு படம் இருக்கும். பின்னால் துணியில் வரைந்த ஏரி, அதில் இரண்டு அன்னம், பக்கத்தில் பிளாஸ்டிக் பூ வைத்த முக்காலி, நடுவில் கண்ணைக் கொட்டாமல் நிற்கும் நாம். முகத்தில் அப்பிய பவுடர் வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருக்கும். படம் எடுப்பதென்றால் நமக்கு அதுதான். கேமரா என்பது ஸ்டுடியோக்காரரின் சொத்து. நாம் அதன் முன்னால் நிற்கலாம். பின்னால் போக முடியாது. போக முடியும் என்று உங்களுக்கு எப்போது தெரிந்ததோ, நான் அறியேன். எனக்கு அது எண்பதுகளில், ஓசூரில், நான்காம் வகுப்பு படித்தபோது தெரிந்தது. தெரியவைத்தவர்கள் எங்கள் மாடி அறையில் குடியிருந்த மூன்று அக்காக்கள்.

ஊரைச் சுற்றிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். கேழ்வரகு விளைந்த கொல்லையில் திடீரென்று காம்பவுண்டுச் சுவர் எழும்பி நிற்கும். மார்கழிக் காலையில் பனி தெருவை மூடியிருக்கும். பட்டப்பகல் போல விளக்கைப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்கள் அதற்குள்ளிருந்து முளைத்து வரும். எங்கெங்கிருந்தோ பெண்கள் வேலைக்கு வந்தார்கள். சிமெண்ட் ஷீட் போட்ட எங்கள் மாடி அறையை என் அம்மா அவர்களில் மூன்று பேருக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். மூவருமே மின்சாரச் சாமான்களுக்குச் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்துகிற வேலையில் இருந்தார்கள். அம்மா அவர்களை ஊர் சொல்லித்தான் அழைப்பாள். நானும் அப்படியே அழைத்தேன். பாரூர் அக்கா, நெல்லை அக்கா, வேப்பனப்பள்ளி அக்கா. அம்மாவுக்குத் தெலுங்கு வீட்டு மொழி என்பதால் வேப்பனப்பள்ளி அக்காவோடு தெலுங்கிலேயே சண்டை போடுவாள். என் அப்பா ஓசூர் பெங்களூர் பஸ்ஸில் கண்டக்டர். அத்திப்பள்ளி தாண்டியதும் அவர் வாய் தானாகக் கன்னடத்துக்கு மாறிவிடும்.

எல்லாம் அந்த வருடத் தீபாவளியில் ஆரம்பித்தது. மூன்று அக்காக்களும் புதுப் புடவையோடு ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். நெல்லை அக்கா மட்டும், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவதற்காக, தனியாகவும் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்க்கிறேன், ஸ்டுடியோ வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் நெல்லை அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். படம் ஒரு ஆள் உயரத்தில் பாதி இருக்கும். உதட்டுக்குக் கையால் சிவப்புப் பூசி, புடவைக்கு ஒரு நீலம் பூசி வைத்திருந்தார்கள். சைக்கிளை நிறுத்தி ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடிப்போய் மாடிப்படியில் நின்று கத்தினேன்.

நெல்லை அக்கா முகம் வெளுத்துப்போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. பஸ் ஸ்டாப்பில் ஒரு வாரமாக யாரோ ஒருவன் அவளைப் பார்த்து ஏதோ சொல்லிவந்திருக்கிறான்; எதற்கென்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"எங்க ஊர்க்காரன் எவனாவது பார்த்தாம்னா எங்கய்யா என்னய வெட்டிப் போட்டுருவாரு" என்று உட்கார்ந்துவிட்டாள்.

என் அம்மா கீழேயிருந்து சொன்னாள்: "அங்க போயி பல்லக் காட்டச் சொன்னது யாரு?"

அன்று அம்மா மேல் எனக்கு வந்த கோபம் நிறைய நாள் இருந்தது. மூன்று வீட்டுப் பெண்களைத் தன் கூரையின் கீழ் வைத்திருந்த ஒருத்தியின் பயம் அது என்று புரிய எனக்கே ஒரு மகள் பிறந்து அவள் வெளியூர் போக வேண்டியிருந்தது.

மூன்று பேரும் ஸ்டுடியோவுக்குக் கிளம்பினார்கள். நானும் பின்னாலேயே போனேன். ஸ்டுடியோக்காரர் சிரித்தார்.

"அழகா இருந்தா வெக்கிறதுதான்மா. பெருமைதானே? பொங்கல் வரைக்கும் இருக்கட்டும், அப்புறம் மாத்திடறேன்."

பாரூர் அக்கா அவரோடு வாதாடவில்லை. வெளியே வந்தாள். கண்ணாடியை ஒரு பக்கமாகத் தள்ளினாள், படத்தை எடுத்துச் சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள், மறுபடி உள்ளே போனாள்.

"ஃபிலிமும் வேணும்."

"ஃபிலிம் கடையோடதும்மா. அதெல்லாம் தர்றதில்ல."

"மூஞ்சி எங்களுது."

அவர் தரவில்லை. ஆனால் சிரிப்பை நிறுத்திவிட்டார். ஒரு பெண் ஒரு கடைக்காரரிடம் குரலை உயர்த்தாமல் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் கையைப் பிடிக்கலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

தெருமுனையில் அவள் நின்று மற்ற இருவரிடமும் சொன்னாள்: "நாமளே ஒரு கேமரா வாங்கிக்கலாம். நம்ம படத்த நாமளே எடுத்துக்கலாம்."

வேப்பனப்பள்ளி அக்கா சிரித்துவிட்டாள். "கேமராவா? நம்மளா?"

அம்மாவுக்கு இது காதில் விழுந்தபோது, "என் வூட்டுல அதெல்லாம் வேணாம்" என்றாள். என் அப்பாதான், "இருக்கட்டும் வுடு. ரேடியோ வாங்கறாங்க, தையல் மிஷின் வாங்கறாங்க. இதுவும் ஒரு சாமான்தானே" என்று சொல்லி, தன் ஓய்வு நாளில் எங்களைப் பெங்களூருக்கு அழைத்துப் போனார்.

அந்தக் கடையை நான் மறக்கவே மாட்டேன். பேட்டைக்குள் ஒரு சந்து, சந்துக்குள் ஒரு படி, படி ஏறினால் சின்ன அறை. புதுத் தோலும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை. சுவர் முழுக்கக் கேமராக்கள் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தன. இத்தனை கண்கள் ஒரே இடத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

கடைக்காரர் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற பெரியவர். எவ்வளவு கொடுக்க முடியும் என்று கேட்டுக்கொண்டு, ஒரு வெல்வெட் துணியை விரித்து மூன்று கேமராக்களை எடுத்து வைத்தார்.

முதலாவது புதுசு. சோப்புப் பெட்டி மாதிரி வழவழவென்று, தலையில் ஃப்ளாஷோடு இருந்தது. நெல்லை அக்கா அதை எடுத்தவள் கீழே வைக்கவில்லை. "இதுன்னா வீட்டுக்குள்ளயும் எடுக்கலாம்லா. இருட்டுன்னாலும் விழும்" என்றாள்.

இரண்டாவது பழசு, யாரோ வைத்திருந்து விற்றது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கண் வைத்த பெட்டி. கடைக்காரர் அதன் மேல்மூடியைத் திறந்து, "பாப்பா, நீ நோடு" என்று என் உயரத்துக்கு இறக்கிப் பிடித்தார்.

குனிந்து பார்த்தேன். உள்ளே ஒரு கண்ணாடித் துண்டு. அதில் ஜன்னலுக்கு வெளியே இருந்த சந்து முழுவதும் இருந்தது. என் உள்ளங்கை அளவுக்கு. பூக்காரி ஒருத்தி, ஒரு மாடு, ஒரு கைவண்டி, அதன் மேல் அடுக்கிய துணி மூட்டைகள். எல்லாம் அசைந்தன. வெளியே இருந்ததைவிட நிறம் ஆழமாக இருந்தது, ஓரங்கள் மினுங்கின. கைவண்டி இடமிருந்து வலம் போனது. தலையை நிமிர்த்திப் பார்த்தால் வலமிருந்து இடம் போனது. குனிந்தேன், நிமிர்ந்தேன், குனிந்தேன். சத்தமில்லாத இன்னொரு பெங்களூர் அந்தப் பெட்டிக்குள் நடந்துகொண்டிருந்தது. பிறகு எத்தனையோ பார்த்துவிட்டேன், விமானத்திலிருந்து மேகம் பார்த்தேன், பேரப்பிள்ளையை ஸ்கேன் படத்தில் பார்த்தேன். அந்த உள்ளங்கை அளவுச் சந்துதான் இன்னமும் முதலில் நிற்கிறது.

"இதையே வாங்கலாம்க்கா" என்று பாரூர் அக்காவின் முந்தானையை இழுத்தேன். வேப்பனப்பள்ளி அக்காவும், "ஜம்முனு இருக்குது" என்றாள்.

பாரூர் அக்கா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "உள்ள என்னமோ நூலு நூலா ஓடுதே?"

"பூஞ்சை. ஸ்வல்ப இருக்கு. படத்துல தெரியாது" என்றார் கடைக்காரர். பிறகு அவரே சேர்த்துக்கொண்டார்: "மழைக்காலம் வந்தா ஜாஸ்தி ஆகும்."

மூன்றாவதை அதுவரை யாருமே தொடவில்லை. கறுப்பு டப்பா. மூக்கு மாதிரி ஒரு குழாய் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. மேலே ஒரு விசை.

"இதுல திருப்பறதுக்கு என்னா இருக்குது?" என்று அவள் கேட்டாள்.

"வெயில்னா இங்க வெக்கணும். மேகம்னா இங்க. அவ்வளவுதான்."

"பேட்டரி?"

"கிடையாது. முதல் முதலா எடுக்கறவங்களுக்கு இதுதான்மா. கெட்டுப்போறதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல."

நெல்லை அக்கா சோப்புப் பெட்டியை விடாமல், "ஏட்டி, அதப் பாத்தா பொம்மை மாதிரில்லா இருக்கு" என்றாள்.

"இருக்கட்டும். கையில இருக்கறத பூரா கேமராவுக்கே குடுத்துட்டா ஃபிலிமுக்கு எங்க போவ? கழுவறதுக்கு எங்க போவ? வெறும் கேமராவ மாட்டி வெக்கறதுக்கா?" பாரூர் அக்கா டப்பாவைக் கண்ணருகே கொண்டுபோய் எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள். "இது மூணு பேரு கைக்கும் ஒத்துவரும். இதுல மாத்த ஒண்ணுமில்ல. நாமதான் நகந்துக்கணும்."

என் அப்பா "ஸ்வல்ப கம்மி மாடி" என்று கன்னடத்தில் இழுத்துப் பேசிக் கொஞ்சம் குறைத்து வாங்கித் தந்தார். மிஞ்சியதில் ஃபிலிம் ரோல்கள் வாங்கினார்கள். பஸ்ஸில் கேமரா மூன்று மடிக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சின்னக் குழந்தையை வைத்திருப்பது போலத்தான் வைத்திருந்தார்கள்.

ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஆளுக்கு நான்கு என்று பேச்சு. ஃபிலிமை மாட்டும்போது வெளிச்சம் படாமல் கட்டிலுக்கு அடியில் புகுந்து, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாட்டினார்கள். கேமராவின் முதுகில் சிவப்புக் கண்ணாடி வைத்த சின்ன ஓட்டை இருந்தது. திருகத் திருக அதில் எண் மிதந்து வந்து நிற்கும். ரோல் முடிந்ததும் அதைச் சுற்றியிருக்கும் தாளின் நுனியை நாக்கால் நனைத்து ஒட்ட வேண்டும். அந்த வேலை எனக்கு. பசையின் அந்த இனிப்பும் கசப்புமான ருசி இப்போதும் சில சமயம் காரணமில்லாமல் நாக்கில் வரும்.

ரோலை என் அப்பா பஸ்ஸில் கொண்டுபோய்ப் பெங்களூரில் கொடுத்து, படங்களை வாங்கி வருவார். முதல் ரோலில் பாதிக்கு மேல் பாழ். தலை இல்லாத உடம்பு, சாய்ந்த தெரு, எடுத்தவளின் நீண்ட நிழல். அதில் ஒன்றை மட்டும் எல்லாரும் வெகுநேரம் பார்த்தார்கள். ஒரு படம் எடுத்தபின் திருக மறந்து அதன் மேலேயே இன்னொன்றை எடுத்துவிட்டாள் வேப்பனப்பள்ளி அக்கா. மலைக்கோயில் பாறையும் நெல்லை அக்காவின் முகமும் ஒன்றாக விழுந்திருந்தன. பாறைக்குள்ளிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியில் படிக்கட்டு ஏறிப் போனது. நெல்லை அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தப்பாக எடுத்ததுதான் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை.

போகப் போக ஒன்று நடந்தது. மற்ற இருவருக்கும் படத்தில் நிற்கத்தான் ஆசை. தங்கள் பங்கையும் பாரூர் அக்காவிடமே கொடுத்து, "நீயே எடு, உனக்குத்தான் வருது" என்றார்கள். அவளும் எடுத்துக்கொண்டே இருந்தாள். பனிக்குள் கம்பெனி பஸ்ஸை நோக்கிப் போகிற பெண்களின் முதுகுகள், ஒவ்வொரு கையிலும் ஒரு டிபன் பாக்ஸ். சைக்கிள் கேரியரில் ஈரச்சாக்கில் சுற்றிய ரோஜாக் கட்டுகள், வெளியே தெரிவது காம்புகள் மட்டும். ஒன்றை எடுக்க அவள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பாள். இரண்டடி முன்னால், ஓரடி பக்கவாட்டில், மறுபடி பின்னால். கடையில் சொன்னது போலவே அவள்தான் நகர்ந்துகொண்டிருந்தாள். வெறும் டப்பாவை வைத்துக்கொண்டு இவளால் எப்படி முடிகிறது என்று நான் வாயைப் பிளந்து பார்ப்பேன்.

என் அம்மாவை எடுக்கப் போனபோது அம்மா கையை நீட்டி மறைத்துவிட்டாள். படத்தில் பெரிய உள்ளங்கை, விரல்களுக்கு இடையில் ஒரு கண், ஒரு மூக்குத்தி. அம்மாவின் அந்த வயதுப் படம் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

மாசி மாதம் பாரூர் அக்காவின் அப்பா வந்தார்.

நெல்லும் கரும்பும் பயிர்செய்கிற குடும்பம். எப்போது வந்தாலும் துண்டில் வெல்லம் கட்டிக்கொண்டு வருவார். எனக்குத் தனியாக ஒரு உருண்டை இருக்கும். அன்று வெறுங்கையோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, மூன்று அக்காக்களும் வீட்டில் இருந்தார்கள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"உங்கள நம்பித்தானம்மா எம்பொண்ண இந்த வூட்ல வுட்டேன்" என்றார் என் அம்மாவிடம்.

"என்னாங்க ஆச்சு?"

"எங்கூர்ப் பையன் ஒருத்தன் இங்க கம்பெனியில இருக்கறான். அவன் வந்து சொல்றான். உங்க பொண்ணு போட்டோ எடுத்துக்கிட்டுத் திரியுதுன்னு. ஊரே பேசுது. யாரு எடுக்கறான்? எவன் அவன்?" பிறகு மாடிப் பக்கம் திரும்பி, "பொட்டியக் கட்டும்மா. போலாம்" என்றார்.

பாரூர் அக்கா படியில் பாதி இறங்கி நின்றிருந்தாள். ஸ்டுடியோவில் பேசியவள் தன் அப்பாவின் முன் ஒரு சொல்லும் எழாமல் நின்றாள். அவள் போய்விடுவாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அழ ஆரம்பித்தேன்.

அம்மா உள்ளே போனாள். அவள் ஒதுங்கிக்கொள்கிறாள் என்றே நினைத்தேன். கேமரா வேண்டாம் என்று முதலில் சொன்னவள் அவள்தானே. ஆனால் பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு வந்தாள். படங்களையெல்லாம் அவள்தான் அதில் பத்திரமாகப் போட்டு வைத்திருந்தாள் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். மூடியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்களே பாருங்கண்ணா. பாத்துட்டு அப்புறம் பேசுங்க."

அவர் உட்கார்ந்தார். துண்டால் விரல்களைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தார். முதலில் வேகமாகப் புரட்டினார். மகளின் முகத்தைத் தேடுகிறார் என்று தெரிந்தது. நெல்லை அக்கா இருந்தாள், வேப்பனப்பள்ளி அக்கா இருந்தாள், பல் விழுந்த வாயோடு நான் இருந்தேன், அம்மாவின் உள்ளங்கை இருந்தது, பனி இருந்தது. டின்னின் அடி தெரிந்தது. திரும்ப ஒருமுறை முதலிலிருந்து பார்த்தார். இந்த முறை மெதுவாக.

"இதுல நீ எங்கம்மா?"

"நான் இல்லப்பா" என்றாள் பாரூர் அக்கா. "எடுத்தது நானு."

"எடுத்ததுன்னா?"

"போட்டோ எடுத்துக்கிட்டுத் திரியறன்னு அவன் சொன்னது நெசந்தான். நான்தான் எடுக்கறேன். இதுல முக்காவாசி நான் எடுத்தது."

அவர் கையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய்க்கால். தழும்புகிற தண்ணீர். முழங்கால் ஆழத்தில் ஒரு ஆள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மடைப்பலகையைத் தூக்குகிறார். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் இறக்கை மாதிரி புடைத்திருக்கின்றன. திறந்த மடையிலிருந்து தண்ணீர் வெயிலோடு சேர்ந்து வயலுக்குள் பாய்கிறது.

"இது நம்ம வாய்க்காதானே. யாரு இது?"

"நீங்கதாம்ப்பா."

அவர் படத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு தூரத்தில் பிடித்தார். ஒரு மனிதன் தன் முதுகை எங்கே பார்த்திருப்பான்? தண்ணீரில் முகம் தெரியும், கண்ணாடியில் முகம் தெரியும். அவருடைய இடது கை தானாகப் பின்னால் போய்த் தோளைத் தொட்டுப் பார்த்தது.

"எப்ப எடுத்த?"

"பொங்கலுக்கு வந்தப்ப."

"கூப்புட்டிருந்தா திரும்பியிருப்பனே."

"திரும்பியிருந்தா இது கெடச்சிருக்காதுப்பா."

அம்மா காபி வைக்க எழுந்தவள் எழுந்த இடத்திலேயே நின்றாள். அவர் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "உங்கம்மா பாத்தான்னா நம்ப மாட்டா" என்றார். பிறகு, "எங்க, அதக் கொண்டா பாக்கலாம்" என்றார்.

அக்கா கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தாள். கோழிக்குஞ்சைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்று அவள் காட்டினாள். அவர் அதன் வழியே எங்கள் முற்றத்தைப் பார்த்தார், துளசிச்செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியாக மகளிடம் வந்து நின்றார்.

"எத அமுக்கணும்?"

"மேல இருக்குது பாருங்க. மெதுவாப்பா. மூச்ச அடக்கிக்கிட்டு."

மகள் சொன்னபடியே மூச்சை அடக்கி அமுக்கினார். அந்த விசையின் சின்ன ஓசை அத்தனை அமைதியில் எல்லாருக்கும் கேட்டது.

மதியம் சாப்பிட்டுவிட்டு, வாய்க்கால் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ் ஏறினார். பெட்டி கட்டுவதைப் பற்றி அவரும் பேசவில்லை, வேறு யாரும் பேசவில்லை. பஸ் படியேறும்போது மட்டும் திரும்பி, "லீவு கெடச்சா கேமராவோட வா. ஏரி ரொம்பியிருக்குது" என்றார். அதற்குப் பிறகும் பாரூர் அக்கா எங்கள் மாடியில் வெகுகாலம் இருந்தாள். கல்யாணமாகிப் போகும்வரை அதே கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். மூன்று பேரும் பிரிந்தபோது கேமரா யாரிடம் போனதென்று எனக்கு நினைவில்லை. கேட்டுக்கொள்ளவும் தோன்றவில்லை.

பாரூர் அக்காவின் அப்பா எடுத்த படத்தை அந்த ரோல் கழுவி வந்த அன்று பார்த்தோம். அந்தக் கேமராவில் எடுத்த அத்தனை படங்களிலும் அக்கா இருக்கிற ஒரே படம் அதுதான். ஆனால் முகம் கலங்கியிருந்தது. கண் எது, புருவம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பின்னால் இருந்த சுவரில் ஒவ்வொரு காரைவெடிப்பும் துல்லியமாகத் தெரிந்தது. அந்த மாதிரிக் கேமராவுக்குத் தள்ளி நிற்பவர்களைத்தான் தெரியும் என்று என் அப்பா விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார்.

அக்காவின் அப்பா தன் மகளுக்கு ரொம்பப் பக்கத்தில் நின்றுவிட்டார்.